நாய் வளர்த்த பிள்ளை

ஒரு பிள்ளை பரீட்சையில் நல்ல பெறுபேறு பெற்றால், “யார் பெற்ற பிள்ளையோ!” என்று ஊர் மெச்சுகிறது. அதே பிள்ளை வழி தவறினால், “வளர்ப்புச் சரியில்லை” என்று அதே ஊர் பழிக்கிறது. புகழைப் பெற்றவருக்கும் பழியை வளர்த்தவருக்கும் பங்கிட்டுக் கொடுக்கும் இவ்வழக்கம் நீதியானதுதானா என்று நாம் நின்று சிந்திப்பதில்லை.

அன்பான பெற்றோரே, இக்கேள்வியை ஒரு சிரிப்புப் படம் எழுப்புகிறது. சிறுவர்களுக்காக வரையப்பட்ட சித்திரப்படம் அது. பெயர், “மிஸ்டர் பீபொடி அன்ட் ஷேர்மன்”. 2014ஆம் ஆண்டு வெளிவந்தது. அதில் தந்தையாக வருவது ஒரு நாய். மகனாக வருவது ஒரு மனிதப் பிள்ளை. “இதென்ன விபரீதம்!” என்று நீங்கள் எண்ணக்கூடும். பிள்ளைகளோடு ஒரு மாலைப் பொழுது அமர்ந்து பார்த்தால், விபரீதமாகத் தோன்றிய அக்கற்பனையினுள்ளே ஒவ்வொரு வீட்டுக்கும் உரிய ஓர் உண்மை இருப்பதைக் காண்பீர்கள். அந்த உண்மையை அறிந்துகொள்ள உதவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

படம் பிறந்த கதை

பீபொடியும் ஷேர்மனும் 2014இல் பிறந்தவர்களல்லர். 1959ஆம் ஆண்டு நவம்பரில் அமெரிக்காவின் ஏ.பி.சி. தொலைக்காட்சியில் “ரொக்கி அன்ட் ஹிஸ் பிரெண்ட்ஸ்” என்ற சித்திரத் தொடர் ஆரம்பமாயிற்று. அதைத் தயாரித்தவர்களுள் முதன்மையானவர் ஜே வார்ட். அத்தொடரின் ஒரு பகுதியாக, டெட் கீ என்ற கேலிச்சித்திரக்காரரின் கற்பனையில் உருவான இவ்விருவரும் தோன்றினர். சில நிமிடங்களே ஓடும் 91 குறுங்கதைகள் வெளியாயின. ஒவ்வொன்றிலும் நாயும் சிறுவனும் காலயந்திரத்தில் ஏறி, சரித்திரத்தின் ஏதோ ஒரு கட்டத்திற்குச் செல்வார்கள். அங்கே குழம்பிக் கிடக்கும் காரியத்தைச் சீர்ப்படுத்துவார்கள். முடிவில் பீபொடி ஒரு சிலேடை சொல்வார். அக்குறுங்கதைகளின் நகைச்சுவை ஒரே ஒரு தலைகீழ் மாற்றத்தில் தங்கியிருந்தது. வழக்கமாகச் சிறுவன் நாயை வளர்ப்பான். இங்கே நாய் சிறுவனை வளர்த்தது.

இப்பழைய வேடிக்கையை முழுநீளப் படமாக்கியவர் ரொப் மின்கொவ். தயாரித்தது ட்ரீம்வேர்க்ஸ் நிறுவனம். மின்கொவ் 1994இல் ரோஜர் அலர்ஸ் என்பவருடன் சேர்ந்து “த லயன் கிங்” படத்தை இயக்கியவர்; தந்தையை இழந்த சிங்கக்குட்டியின் கதை அது. 1999இல் “ஸ்டுவர்ட் லிட்டில்” படத்தை இயக்கினார். ஒரு மனிதக் குடும்பம் எலிக்குஞ்சு ஒன்றைப் பிள்ளையாக ஏற்கும் கதை அது. இப்படத்தில் அதற்கு நேர்மாறாக, மிருகம் மனிதப் பிள்ளையை ஏற்கின்றது. அரை நூற்றாண்டுக்கு முன் வெறும் சிரிப்புக்காகச் சொல்லப்பட்ட தலைகீழ் மாற்றத்தை எடுத்து, “உண்மையாகவே இப்படி ஒரு தந்தையும் மகனும் இருந்தால் அவர்கள் எப்படி வாழ்வார்கள்?” என்று மின்கொவ் கேட்கிறார்.

கதைச் சுருக்கம்

பீபொடி ஒரு நாய்க்குட்டியாகக் காப்பகத்தில் இருந்தபோது அவரை எவரும் வீட்டுக்கு அழைத்துச் செல்லவில்லை. மற்றக் குட்டிகள் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. தடியை எறிந்து “எடுத்து வா” என்றபோது, “எடுத்து வந்தால் மறுபடியும் எறியத்தானே போகிறாய், பயன் என்ன?” என்று கேட்ட குட்டியை யார்தான் விரும்புவார்? ஆகவே அவர் நூல்களைத் துணையாகக் கொண்டார். வளர்ந்து பெரும் மேதையானார். நோபல் பரிசு பெற்றார். ஒலிம்பிக் பதக்கம் வென்றார். நாட்டுத் தலைவர்களுக்கு ஆலோசகரானார். ஆனால் வீடு என்று ஒன்று அவருக்கு வாய்க்கவில்லை.

ஒரு நாள் ஒழுங்கை ஒன்றில், ஒரு பெட்டிக்குள் யாரோ கைவிட்டுச் சென்ற பச்சைக் குழந்தையைக் காண்கிறார். அக்குழந்தையை வளர்க்கும் உரிமை கேட்டு நீதிமன்றம் செல்கிறார். ஒரு பையன் நாயை எடுத்து வளர்க்கலாம் என்றால், ஒரு நாய் பையனை எடுத்து வளர்ப்பதில் தவறில்லை என்று நீதிபதி தீர்ப்பளிக்கிறார். மனிதப் பிள்ளையை வளர்ப்பதிலுள்ள சிரமங்களுக்கு ஆயத்தமா என்று நீதிபதி கேட்கும்போது, இதில் அப்படி என்ன கஷ்டம் இருக்கப்போகிறது என்னும் பாவனையில் பீபொடி பதில் சொல்கிறார். பிள்ளை வளர்த்த எவரும் இவ்விடத்தில் சிரிக்காமல் இருக்கமாட்டார்கள்.

குழந்தைக்கு ஷேர்மன் என்று பெயர். அவனுக்குச் சரித்திரம் கற்பிப்பதற்காகவே பீபொடி “வேபேக்” என்னும் காலயந்திரத்தை அமைக்கிறார். ஏழு வயதில் ஷேர்மன் நியூயோர்க்கில் பாடசாலைக்குச் செல்கிறான். முதல் நாளே வகுப்பில், ஜோர்ஜ் வாஷிங்டன் செரி மரத்தை வெட்டிய கதை உண்மையல்ல என்று விளக்குகிறான். அதனால் பெனி என்ற மாணவிக்குப் பொறாமை மூளுகிறது. சாப்பாட்டு இடைவேளையில் அவனை நாய் என்று ஏளனம் செய்து, கழுத்தை நெரித்து அவமானப்படுத்துகிறாள். பொறுக்கமுடியாத சிறுவன் அவளைக் கடித்துவிடுகிறான்!

அதுவே போதுமானதாகிவிட்டது. சிறுவர் பாதுகாப்பு அதிகாரியான குரனியன் அம்மையார், நாயிடம் பிள்ளை வளர்வது தகாது என்று ஷேர்மனைப் பிரித்தெடுக்க முனைகிறார். சமாதானத்துக்காக பீபொடி பெனியின் குடும்பத்தை விருந்துக்கு அழைக்கிறார். அங்கே, தன்னைப் பொய்யன் என்று சொன்ன பெனிக்கு நிரூபிப்பதற்காக, தகப்பனின் கட்டளையை மீறி ஷேர்மன் காலயந்திரத்தை இயக்குகிறான். பிறகு எகிப்து, புளோரன்ஸ், ட்ரோய் என்று ஓட்டமும் ஆபத்தும் தொடர்கின்றன. ட்ரோயில் மரக்குதிரையோடு பள்ளத்தில் வீழ்ந்து பீபொடி இறந்துவிட்டதாகத் தோன்றுகிறது. அவரைக் காப்பாற்ற ஷேர்மன் எதைச் செய்யக்கூடாதோ அதையே செய்கிறான். தான் ஏற்கெனவே வாழ்ந்துகொண்டிருக்கும் நேரத்துக்கே திரும்பிச் செல்கிறான். காலம் கிழிகிறது. பழைய யுகங்களின் மனிதரும் பொருள்களும் நியூயோர்க் வானத்திலிருந்து வந்து விழத் தொடங்குகின்றன.

சரித்திரமும் கற்பனையும்

பாடங்களுக்குச் செல்லுமுன் ஓர் எச்சரிக்கை. இப்படத்தைச் சரித்திர நூலாக எடுத்துக்கொள்ளலாகாது. பிள்ளைகள் கேட்பார்கள், பெற்றோர் ஆயத்தமாக இருத்தல் நன்று.

செரி மரக் கதை பற்றி ஷேர்மன் சொல்வது சரியே. வாஷிங்டன் 1799இல் காலமானார். மேசன் வீம்ஸ் என்பவர் எழுதிய அவருடைய வாழ்க்கை வரலாற்றின் 1806ஆம் ஆண்டுப் பதிப்பிலேதான் அக்கதை இடம்பெற்றது. பொய் சொல்லாதே என்று பிள்ளைகளுக்குப் போதிக்க எழுந்த கதையே உண்மைக்கு ஆதாரமற்றதாய் இருப்பது வேடிக்கை அன்றோ?

பிரான்சின் அரசி மேரி அந்துவனேத்துக்குக் கேக் மீதுள்ள மோகத்தைப் படம் பெரிதாகக் காட்டுகிறது. ரொட்டி இல்லாத ஏழைகள் கேக் உண்ணட்டும் என்று அவர் சொன்னதாக உலகெங்கும் பேசப்படுகிறது. அதற்குச் சான்று எதுவுமில்லை. பெயர் குறிப்பிடாத ஓர் இளவரசியைப் பற்றி ரூசோ அவ்வாறு எழுதிய 1760களில், மேரி அந்துவனேத் ஒஸ்திரியாவில் இருந்த சிறுமி. அவர் பிரான்சுக்கு வந்தது 1770இல். ஆனால் 1793இல் அவர் கில்லட்டின் யந்திரத்தில் சிரச்சேதம் செய்யப்பட்டது மெய்.

எகிப்தின் இளம் மன்னன் துத்தன்காமுன் இறந்தால் அவனுடைய மனைவியும் கொல்லப்படுவாள் என்று படம் சொல்வது அக்கால வழக்கத்துக்குப் பொருந்தாது. அம்மன்னனின் கல்லறையை ஹாவாட் காட்டர் 1922இல் கண்டுபிடித்ததை உங்கள் பிள்ளைகள் பாடநூலில் படித்திருக்கக்கூடும். ட்ரோயின் மரக்குதிரைக் கதை ஹோமரின் இலியத்தில் சொல்லப்படவில்லை; ஒடிசியிலும், பின்னர் வேர்ஜிலின் ஈனியத்திலும் வருகிறது. இவற்றைப் பிள்ளைகளோடு சேர்ந்து தேடிப் பார்ப்பதே ஒரு நல்ல பாடம்.

முதலாம் பாடம்: அன்பைச் சொல்லாத தந்தை

பாடசாலையின் முதல் நாளில், வாசலில் இறங்கும்போது ஷேர்மன் பீபொடியிடம், தான் அவரை நேசிப்பதாகச் சொல்கிறான். அதற்கு அவர் கொடுக்கும் பதிலைக் கவனியுங்கள். தமக்கும் அவன்மேல் ஆழ்ந்த மதிப்பு உண்டு என்கிறார்! அன்புக்குப் பதிலாக மதிப்பு. பிள்ளையும் அவரை அப்பா என்று அழைப்பதில்லை. “மிஸ்டர் பீபொடி” என்றே அழைக்கிறான்.

இவர் அன்பில்லாதவரா? இல்லை. பிள்ளைக்காகக் காலத்தையே வளைத்த தந்தை இவர். ஆனால் அவருடைய அன்பு முழுவதும் கற்பித்தலாகவே வெளிப்படுகிறது. உலகத்தில் அவருக்குத் தெரியாத கலை இல்லை. இந்த ஒரு வார்த்தை மட்டும் வாயில் வருவதில்லை. ஏன் வருவதில்லை என்பதற்கும் படம் காரணம் காட்டுகிறது. சிறு பிராயத்தில் எவராலும் தெரிந்தெடுக்கப்படாதவர் அவர். தாம் பெறாத ஒன்றைக் கொடுக்க அவருக்குக் கற்பித்தவர் யார்?

தந்தையரே, ரியூசன் காசு கட்டுவதிலும், புத்தகம் வாங்கிக் கொடுப்பதிலும், மழையில் நனைந்து பிள்ளையை ஏற்றி இறக்குவதிலும் உங்கள் அன்பு முழுவதும் இருக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அதை அவ்வாறு வாசித்து அறியும் வயது பிள்ளைக்கு வர இருபது ஆண்டுகள் செல்லும். அதுவரை அவன் எதைக் கொண்டு தெரிந்துகொள்வான்?

புளோரன்சில் லியொனார்டோ டாவின்சி பீபொடிக்குச் சொல்லும் புத்தியும் இதுவே. பிள்ளைகள் யந்திரங்களல்லர் என்கிறார் அவர். தாமே ஒரு யந்திரப் பிள்ளை செய்து பார்த்ததாகவும், அது பார்க்கவே பயங்கரமாய் இருந்ததாகவும் சொல்கிறார். சிரிப்புக்காக வைத்த காட்சிதான். ஆயினும் பிள்ளைகளைத் தங்கள் திட்டப்படி செய்து முடிக்க முயலும் பெற்றோர் அங்கே சிரித்துவிட்டுச் சற்றுச் சிந்திப்பது நல்லது.

இரண்டாம் பாடம்: அதிகாரியின் கேள்வி

குரனியன் அம்மையாரைப் படம் முழுக்க முழுக்கத் தீயவராகக் காட்டுகிறது. இதை அப்படியே ஏற்றுக்கொள்ளக் கூடாது. பிள்ளை பாதுகாப்பாக இருக்கிறதா என்று வந்து விசாரிப்பது பிழையான காரியமல்ல. அது அவசியமான கடமை. வளர்ப்பவர்களின் கையில் துன்பப்படும் பிள்ளைகள் உலகில் உள்ளனர். அவர்களுக்காக ஒருவர் வந்து கதவைத் தட்டத்தான் வேண்டும்.

அம்மையாரின் பிழை வேறிடத்தில் இருக்கிறது. விசாரிக்க வருமுன்பே அவர் தீர்ப்பை எழுதிவிட்டார். இந்தத் தந்தை என்ன செய்கிறார் என்று அவர் பார்க்கவில்லை. இவர் யார் என்று மட்டும் பார்த்தார். “நாய்தானே” என்பதோடு அவருடைய விசாரணை முடிந்துவிடுகிறது. நாமும் இதைச் செய்வதில்லையா? அம்மம்மாவிடம் வளரும் பிள்ளை, மாமன் வீட்டில் வளரும் பிள்ளை, தாய் தனித்து நின்று வளர்க்கும் பிள்ளை, சுவீகாரமாக வந்த பிள்ளை: இவர்களைப் பற்றி ஊரில் கதைக்கும்போது, வளர்ப்பவரின் செயலைப் பார்த்துக் கதைக்கிறோமா, இனத்தையும் முறையையும் பார்த்துக் கதைக்கிறோமா? புனித சூசையப்பரை வளர்ப்புத் தந்தை என்று போற்றும் வீடுகளில் “வளர்த்த பிள்ளைதானே” என்ற சொல் இலகுவாக வாயில் வரலாமா?

ஷேர்மன் பெனியைக் கடித்தது தவறு. பீபொடியே அதைக் கண்டிக்கிறார். ஆனால் பின்னர் அம்மையார் பிள்ளையைப் பலவந்தமாக இழுத்தபோது, அத்தனை நிதானமும் கல்வியும் படைத்த பீபொடி அவரைக் கடித்துவிடுகிறார்! வழக்கில் இது அவருக்குப் பெருங்கேடு. ஆனால் பிள்ளைக்கு? மதிப்பு என்ற சொல்லுக்குள் ஒளிந்திருந்தது அன்றுதான் வெளியே வந்தது. அவர் செய்தது சரி என்று நாம் பிள்ளைகளுக்குப் போதிக்க வேண்டியதில்லை. ஏன் செய்தார் என்று கேட்கலாம்.

மூன்றாம் பாடம்: பின்னோக்கியும் முன்னோக்கியும்

காலயந்திரம் என்பது எந்தப் பெற்றோருடைய மனத்திலும் உள்ளதே. “அன்று அப்படிப் பேசாமல் இருந்திருக்கலாம், அந்தப் பாடசாலையில் சேர்க்காமல் இருந்திருக்கலாம், அடிக்காமல் இருந்திருக்கலாம்” என்று எத்தனை இரவுகள் நாம் பின்னோக்கிப் பயணம் செய்கிறோம்! சென்ற காலத்துக்குள் புகுந்து திருத்த முயன்ற ஷேர்மனுக்கு நேர்ந்தது என்ன? ஒன்றுக்கு இரண்டாக ஷேர்மனும் பீபொடியும் தோன்றினர், குழப்பம் பெருகியது, வானமே கிழிந்தது.

தீர்வு எங்கிருந்து வந்தது என்பதுதான் கவனிக்கற்பாலது. இவ்வளவு காலமும் பின்னோக்கியே சென்ற அந்த யந்திரத்தை, எதிர்காலத்தை நோக்கிச் செலுத்தினால் என்ன என்ற யோசனையை முன்வைப்பது ஷேர்மன். மேதையான தந்தைக்கு அது தோன்றவில்லை. கணக்குகளைத் தாம் பார்த்துக்கொண்டு, யந்திரத்தைச் செலுத்தும் பொறுப்பைப் பிள்ளையின் கையிலே கொடுக்கிறார் பீபொடி. முன்பு புளோரன்சில் லியொனார்டோவின் பறக்கும் யந்திரத்தில் அவன் பறந்தபோது பதறிப்போன அதே தந்தை! சென்ற காலம் தந்தைக்குத் தெரிந்த பாடம். வருங்காலத்துக்கு வழி பிள்ளையிடம் இருந்தது. நடந்ததைத் திரும்பச் சென்று திருத்த எவராலும் இயலாது. நாளைக்கு நடக்கப்போவதில் பிள்ளைக்கு ஒரு பங்கு கொடுக்க எல்லாப் பெற்றோராலும் இயலும்.

நான்காம் பாடம்: இரண்டாவது சுவீகாரம்

இப்போது படத்தின் நடுநாயகமான காட்சிக்கு வருவோம். நியூயோர்க் வீதியில் பொலிசார் சூழ்ந்து நிற்கிறார்கள். பீபொடியைப் பிடித்துச் செல்ல ஆள் வந்துவிட்டது. அவர் ஒரு நாய் என்ற பழைய வார்த்தையையே அம்மையார் மறுபடியும் சொல்கிறார். அப்போது ஷேர்மன் முன்னே வருகிறான். நாய் என்பதை எப்போதும் ஓர் இழிவாகவே சொல்கிறீர்களே என்கிறான். ஒருபோதும் கைவிடாமலும், விழுந்தபோதெல்லாம் தூக்கிவிட்டும், எத்தனை தவறு செய்தாலும் நேசித்தும் வரும் மிஸ்டர் பீபொடியைப் போல இருப்பதுதான் நாயாக இருப்பது என்றால், தானும் ஒரு நாய்தான் என்கிறான்.

சாப்பாட்டு மண்டபத்தில் அவனை அழ வைத்த அதே சொல் இது! அன்று அது பிறர் அவன்மேல் எறிந்த கல். இன்று அவன் அதைத் தானே எடுத்துத் தன் பெயராகச் சூடிக்கொள்கிறான். அடுத்து, அச்சொல்லை முதன்முதலில் எறிந்த பெனியும் தானும் நாய் என்கிறாள். பின்னர் சுற்றி நின்ற பலரும் அவ்வாறே சொல்கிறார்கள். தமிழிலும் “நாய்” என்பது எத்தகைய ஏச்சு என்பதை நாம் அறிவோம். அதே நாயைத்தான் நன்றிக்கு உதாரணமாகவும் சொல்கிறோம். இரண்டில் எது பொருள் என்பதைத் தீர்மானிப்பது சொல்பவரின் உள்ளம்.

வாசகர்களே, இக்கதையில் சுவீகாரம் இரண்டு தடவை நடைபெறுகிறது. முதலாவது நீதிமன்றத்தில் நடந்தது. அதில் தந்தை பிள்ளையைத் தெரிந்தெடுத்தார். பிள்ளைக்கு அப்போது பேச வயதில்லை. இரண்டாவது நடுவீதியில் நடந்தது. அதில் பிள்ளை, ஊரறிய, தந்தையைத் தெரிந்தெடுத்தான். காப்பகத்தில் யாருமே தெரிந்தெடுக்காத நாய்க்குட்டியை இறுதியில் ஒருவன் தெரிந்தெடுத்துவிட்டான். முதலாவது சுவீகாரத்துக்குக் கடதாசியும் கையொப்பமும் உண்டு. இரண்டாவதற்கு ஒன்றும் இல்லை. அதைக் கேட்டு வாங்கவும் முடியாது.

இது வளர்த்த பிள்ளைகளுக்கு மட்டும் உரிய காரியம் என்று எண்ணவேண்டாம். நாம் பெற்ற பிள்ளையும் நம்மைத் தெரிந்தெடுத்துப் பிறந்ததில்லை. வளர்ந்து, நம்முடைய குறைகளையெல்லாம் கண்டபின், “இவர்தான் என் அப்பா, இவர்தான் என் அம்மா” என்று பிறர் முன்னிலையில் வெட்கமின்றிச் சொல்லும் நாளில்தான் அதுவும் நம்மைச் சுவீகாரம் எடுக்கின்றது. பெற்றவரும் வளர்த்தவரும் அந்த நாளுக்காக ஒரே வரிசையில்தான் காத்து நிற்கிறார்கள்.

படத்தின் முடிவில் மீண்டும் பாடசாலை வாசல். இம்முறை பீபொடி முந்திக்கொண்டு, தாம் ஷேர்மனை நேசிப்பதாகச் சொல்கிறார். தமக்கும் அவர்மேல் ஆழ்ந்த மதிப்பு உண்டு என்று பிள்ளை குறும்பாகப் பதில் கூறிவிட்டுப் போகிறான். பழைய வார்த்தையேதான், ஆனால் இருவருக்கும் இப்போது அதன் பொருள் தெரியும்.

குடும்பமாகக் கலந்துரையாட

படம் 92 நிமிடமே ஓடும். பார்த்து முடிந்ததும் எழுந்து போய்விடாமல், பின்வரும் கேள்விகளைப் பற்றிச் சற்று நேரம் கதையுங்கள். பெரியவர்களும் பதில் சொல்லவேண்டும்.

1. பெனி செய்ததும் ஷேர்மன் செய்ததும் இரண்டும் தவறு. யாருடைய தவறைப் பெரியவர்கள் முதலில் கண்டார்கள்? ஏன்?

2. பாடசாலையில் உங்களை ஏதாவது பெயர் சொல்லி ஏளனம் செய்ததுண்டா? அதை வீட்டில் சொன்னீர்களா? சொல்லவில்லையாயின் காரணம் என்ன?

3. ஷேர்மன் தந்தையின் கட்டளையை இருமுறை மீறுகிறான்: ஒருமுறை தன்னை நிரூபிக்க, மறுமுறை தந்தையைக் காப்பாற்ற. இரண்டும் ஒன்றா?

4. அப்பா, அம்மா, நீங்கள் சிறு பிள்ளையாக இருந்தபோது உங்கள்மேல் உள்ள அன்பை உங்கள் பெற்றோர் எவ்வாறு காட்டினார்கள்? வாயால் சொன்னார்களா?

நான்காவது கேள்விக்குப் பதில் வரச் சற்றுத் தாமதமாகலாம். அவசரப்படுத்த வேண்டாம். பதில் வந்தபின், பாடசாலை வாசலில் பீபொடி கடைசியாகச் சொன்னதை நீங்களும் உங்கள் பிள்ளைக்குச் சொல்லிப் பாருங்கள். முதல் தடவை கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும்.